74-90-1 என்ற எண்ணை நான் ஏன் ஒப்புக்கொள்வதில்லை

மேத்யூ ஸ்டாஃபோர்டைப் பற்றிப் பேச்சு எடுத்தால் போதும், கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் அந்த எண்ணை எடுத்து முன்னால் வைத்துவிடுவார்: 74-90-1. டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்காக அவர் ஆடிய 12 சீசன்களில் 74 வெற்றி, 90 தோல்வி, ஒரு சமன். அமெரிக்க ஃபுட்பாலில் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. அணியில் 53 பேர் இருந்தாலும், ஆட்டம் தோற்றால் அந்தத் தோல்வி ஒரே ஒருவரின் பெயருக்குப் பக்கத்தில் எழுதப்படும். அவர்தான் பந்தை எறியும் குவாட்டர்பேக். ஸ்டாஃபோர்ட் ஆடுவது அந்த இடத்தில். எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவருக்கு வெற்றி தோல்விக் கணக்கு கிடையாது. எதிரணியைத் தடுக்கும் டிஃபென்ஸில் ஆடுகிறவருக்கும் கிடையாது. பயிற்சியாளருக்கு உண்டு, அதற்கு அடுத்து இவருக்கு மட்டும்தான்.

1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக சச்சின் முதுகுவலியோடு 136 அடித்தும் இந்தியா 12 ரன்னில் தோற்றது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்த ஆட்டத்தின் ஸ்கோர் அட்டையில் சச்சின் பெயருக்கு எதிரே 136 என்றுதான் இருக்கிறது. ‘தோல்வி 1’ என்று அங்கே யாரும் எழுதவில்லை. குவாட்டர்பேக்குக்கு மட்டும் அப்படி எழுதுகிறார்கள். இது அநியாயம் என்பது என் உறுதியான கருத்து. வெறும் பாசத்தில் சொல்லவில்லை. இதற்கு நல்ல ஆதாரமே இருக்கிறது. இரண்டு அணிகள் தங்கள் குவாட்டர்பேக்குகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு, அப்புறம் என்ன நடந்தது என்பதை உலகமே பார்த்தது.

நான் மிச்சிகன்காரன். கார் கம்பெனி வேலைக்காக டெட்ராய்ட் பக்கம் குடிவந்த ஏராளமான தமிழர்களில் ஒருவன். இந்த ஊரில் செப்டம்பர் வந்தால் ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு டிவி முன்னால் உட்கார்வதும், திங்கள் காலை அலுவலகத்தில் லயன்ஸ் தோற்றதைப் பற்றிப் பேசுவதும் வெகு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். என் மனைவியின் தம்பி லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிறான், ராம்ஸ் ரசிகன். எங்கள் வீட்டு விவாதத்துக்கு அது ஒன்றே போதும்.

ஆட்டத்தைப் பார்த்துப் பழக்கமில்லாதவர்களுக்காக, குவாட்டர்பேக் என்ன செய்கிறார் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். பந்தை முன்னேற்றும் ஒரு முயற்சி முடிந்து அடுத்ததைத் தொடங்க 40 விநாடி. அந்த நேரத்தில் பயிற்சியாளர் சொல்லும் திட்டம் அவருடைய ஹெல்மெட்டுக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் கேட்கும். கடிகாரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது அந்த இணைப்பு துண்டிக்கப்படும். அதற்குமேல் அவர் தனியாள். எதிரே நிற்கும் 11 பேரையும் பார்த்து, யார் பாய்ந்து வரப்போகிறார், பின்னால் நிற்கும் சேஃப்டி இருவரும் எந்தப் பக்கம் நகரப்போகிறார்கள் என்று கணித்து, தேவைப்பட்டால் திட்டத்தை அங்கேயே மாற்றி, பந்தைக் கைக்கு வாங்கவேண்டும். வாங்கிய பிறகு சராசரியாக இரண்டரை விநாடிக்குக் கொஞ்சம் கூட. அதற்குள் முதல் ரிசீவரைப் பார்த்து, அவர் மூடப்பட்டிருந்தால் இரண்டாமவரைப் பார்த்து, ரிசீவர் இன்னும் வந்து சேராத இடத்துக்குப் பந்தை எறியவேண்டும்.

அந்த இரண்டரை விநாடியை அவர் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. முன்னால் நிற்கும் ஐந்து லைன்மேன்கள்தான் அதைக் கொடுக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கால் தடுமாறினால் இரண்டரை ஒன்றரையாகச் சுருங்கும். ரிசீவர் தன் பாதையைப் பத்து யார்டில் வெட்டாமல் எட்டில் வெட்டினால் சரியாக எறிந்த பந்து எதிரியின் கையில் போய் விழும். புள்ளிவிவரத்தில் அது குவாட்டர்பேக்கின் இன்டர்செப்ஷன். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஓட்ட ஆட்டம் எடுபடவில்லை என்றால் எதிரணிக்கு பாஸ்தான் வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். சொந்த டிஃபென்ஸ் 35 புள்ளி விட்டுக்கொடுத்தால் 34 அடித்தவர் தோற்றவர்தான்.

கடைசியாகச் சொன்னதற்கு ஜோ பரோவைப் பாருங்கள். 2024 சீசனில் சின்சினாட்டி பெங்கால்ஸுக்காக எறிந்து முன்னேற்றியது 4,918 யார்டு, 43 டச்டவுன் (எதிரணியின் எல்லையான எண்ட் ஸோனுக்குள் பந்தைச் சேர்ப்பது), 9 இன்டர்செப்ஷன். யார்டிலும் டச்டவுனிலும் லீக்கிலேயே முதலிடம். அந்த அணி 38 புள்ளி அடித்து ரேவன்ஸிடம் தோற்றது, 34 அடித்து மறுபடியும் ரேவன்ஸிடமே தோற்றது, 38 அடித்து ஸ்டீலர்ஸிடம் தோற்றது, 33 அடித்து கமாண்டர்ஸிடம் தோற்றது. முடிவில் 9-8, சீசனுக்குப் பிந்தைய நாக்அவுட் சுற்றான பிளே ஆஃப் கிடையாது. அந்த எட்டுத் தோல்வியிலும் பரோ பெயர் இருக்கிறது.

சரி, ஸ்டாஃபோர்டுக்கு வருவோம்.

2008இல் லயன்ஸ் 16 ஆட்டம் ஆடி 16இலும் தோற்றது. அந்த சீசனில் விட்டுக்கொடுத்த புள்ளிகள் 517. கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் அடுத்த டிராஃப்டில் முதல் ஆளாக அழைக்கப்பட்டவர் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஆடிய ஸ்டாஃபோர்ட். அவரை எனக்குப் பிடித்துப்போனது 2009 நவம்பர் 22 ஆட்டத்தில். கிளீவ்லாண்ட் பிரவுன்ஸோடு, லயன்ஸின் சொந்த மைதானமான ஃபோர்ட் ஃபீல்டில். லயன்ஸ் 31-37 என்று பின்தங்கியிருக்கிறது. நேரம் முடியும் தறுவாயில் ஸ்டாஃபோர்ட் அங்குமிங்கும் ஓடித் தப்பித்து எண்ட் ஸோனுக்கு நீளமாக எறிகிறார். எறிந்த கையோடு தரையில் மோதி இடது தோள்பட்டை விலகி, புல்லில் சுருண்டு கிடக்கிறார். அங்கே எண்ட் ஸோனில் பிரவுன்ஸ் வீரர் ரிசீவரைத் தள்ளியதற்கு நடுவரின் தண்டனைக் கொடி விழுகிறது. கடிகாரம் பூஜ்யம். ஆனால் விதிப்படி லயன்ஸுக்கு ஒரு யார்டு கோட்டிலிருந்து இன்னும் ஒரே ஒரு முயற்சி உண்டு.

காயம்பட்டவர் வெளியே போயாகவேண்டும். மாற்று ஆட்டக்காரர் டான்டே கல்பெப்பர் உள்ளே வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து பிரவுன்ஸ் டைம் அவுட் கேட்டது. டைம் அவுட் என்றால் காயம்பட்டவர் திரும்பி வரலாம். மருத்துவர்கள் சுற்றி நின்று தோளைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்க, 21 வயதுப் பையன் அவர்களை விலக்கிவிட்டு எழுந்து மைதானத்துக்குள் ஓடினார். இடது கையைத் தூக்க முடியவில்லை. வலது கையால் பிராண்டன் பெட்டிக்ரூவுக்கு எறிந்தார். டச்டவுன். 38-37. அன்று அவருடைய ஐந்தாவது டச்டவுன் அது, 422 யார்டு. அந்த ஆண்டு முழுவதும் லயன்ஸ் வென்றது இரண்டே ஆட்டம், அதில் இது ஒன்று.

மற்ற ஆண்டுகளும் ஏறக்குறைய இதே கதைதான். 2011இல் 5,038 யார்டும் 41 டச்டவுனும் எறிந்து அணியை பிளே ஆஃபுக்குக் கொண்டுபோனார். அங்கே நியூ ஆர்லீன்ஸ் செயின்ட்ஸ் 45 புள்ளி அடித்தது. 2014 சீசன் பிளே ஆஃபில் டல்லஸ் கௌபாய்ஸுக்கு எதிராக 20-17 என்று முன்னணியில் இருந்தபோது, பெட்டிக்ரூவைத் தடுத்ததற்கு நடுவர் கொடி வீசி, ஒலிபெருக்கியில் அறிவித்து, பிறகு அந்தக் கொடியையே திரும்ப எடுத்துக்கொண்டார். முடிவு 24-20, டல்லஸ் வெற்றி. டெட்ராய்டில் இன்றும் அந்தக் கொடியைப் பற்றிப் பேசினால் குரல் உயரும், என்னுடையதும் சேர்த்து.

2016 இன்னும் நல்ல உதாரணம். லயன்ஸ் வென்ற ஒன்பது ஆட்டங்களில் எட்டு, கடைசிக் கால்பகுதியான நான்காவது குவாட்டரில் பின்தங்கியிருந்து ஸ்டாஃபோர்ட் மீட்டுக்கொடுத்தவை. ஒரு சீசனில் எட்டு முறை அப்படி எவரும் அதற்கு முன் செய்ததில்லை. அதை அவருடைய திறமை என்று பாராட்டினார்கள், பாராட்டட்டும். எனக்கு அதில் தெரிவது வேறு. மூன்று குவாட்டர் முழுக்க இந்த அணியால் யாரையும் முந்த முடியவில்லை. 2013 நவம்பரிலிருந்து 2018 செப்டம்பர் வரை ஒரு லயன்ஸ் ஓட்டக்காரர்கூட ஓர் ஆட்டத்தில் 100 யார்டு ஓடவில்லை. கிட்டத்தட்ட ஐந்து வருடம்! அத்தனை வருடமும் எதிரணி டிஃபென்ஸ் நிம்மதியாகப் பின்வாங்கி நின்று, இவர் எறிவதற்காகக் காத்திருந்தது. கால்வின் ஜான்சன் போன்ற ரிசீவர் 30 வயதில், உடம்பு விட்டுப்போய், ஓய்வு பெற்றுவிட்டார். ஜிம் ஸ்வார்ட்ஸ், ஜிம் கால்ட்வெல், மேட் பட்ரிசியா என்று பயிற்சியாளர்கள் மாறினார்கள். 2020இல், அதாவது ஸ்டாஃபோர்டின் கடைசி டெட்ராய்ட் சீசனில், அணி விட்டுக்கொடுத்தது 519 புள்ளி. ஒன்றுகூட வெல்லாத 2008ஐவிட இரண்டு அதிகம்.

அங்கே லாஸ் ஏஞ்சலஸில் ஜாரெட் காஃப் கதை நேர்மாறாக ஓடிக்கொண்டிருந்தது. 2016 டிராஃப்டில் அவரும் முதல் ஆள். முதல் சீசனில் ஏழு ஆட்டம் தொடங்கினார், ஏழும் தோல்வி. ‘இந்தப் பையன் தேறமாட்டான்’ என்று எழுதாத பத்திரிகை இல்லை. அடுத்த ஆண்டு, 31 வயதுகூட நிரம்பாத ஷான் மெக்வே பயிற்சியாளராக வந்தார், லைன் பலப்பட்டது, அதே காஃப் 2018 சீசனில் ராம்ஸை லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்குக் கொண்டுபோனார். அங்கே நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸிடம் 13-3 என்று தோல்வி.

அந்த ஆட்டத்தில் ஒரு கணத்தை இங்கே சொல்லியாகவேண்டும், ஏனென்றால் குவாட்டர்பேக்கின் மேல் பழியே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. மூன்றாவது குவாட்டரில் ராம்ஸ் ரிசீவர் பிராண்டின் குக்ஸ் எண்ட் ஸோனில் தன்னந்தனியாக நின்றார். சுற்றி யாரும் இல்லை. காஃப் அவரைப் பார்க்கத் தாமதித்தார், எறிந்த பந்தும் காற்றில் மிதந்து போனது. அதற்குள் மைதானத்தின் மறுபக்கத்திலிருந்து ஜேசன் மெக்கார்ட்டி ஓடிவந்து கடைசி நொடியில் தட்டிவிட்டார். லைன் நேரம் கொடுத்தது, ரிசீவர் இடம் கண்டுபிடித்தார், திட்டமும் பலித்தது. எறிய வேண்டியவர் மட்டும் பிந்திவிட்டார். அது காஃபின் தவறு, முழுக்க அவருடையது. ஸ்டாஃபோர்டாக இருந்திருந்தால் பந்து ஒரு விநாடி முன்பே கிளம்பியிருக்கும் என்று நான் நம்புகிறேன். மெக்வேயும் அப்படித்தான் நினைத்திருப்பார் போல.

2021 ஜனவரி இறுதியில் அந்த மாற்றம் முடிவானது. ஸ்டாஃபோர்ட் ராம்ஸுக்கு. பதிலுக்கு டெட்ராய்டுக்கு காஃப், அதோடு இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகள், ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பு. ‘காஃபின் சம்பளச் சுமையைத் தள்ளிவிடத்தான் இவ்வளவு கொடுக்கிறார்கள்’ என்று அப்போது எல்லோரும் பேசினார்கள். மச்சினன் அன்றிரவே போன் செய்தான்.

“மாமா, உங்க ஆளு எங்ககிட்ட வந்துட்டாரு. இனிமே பாருங்க.”

“பாக்கத்தானே போறேன் மாப்ள. அவருக்கு ஒரு டிஃபென்ஸ் கிடைச்சா என்ன ஆகும்னு எனக்கும் தெரியணும்.”

தெரிந்தது. முதல் சீசனிலேயே ராம்ஸ் சூப்பர் பவுல் வென்றது. 2022 பிப்ரவரி 13, பெங்கால்ஸுக்கு எதிராக 23-20. ராம்ஸ் பந்தை முன்னேற்றிய கடைசி டிரைவில் ஓட்டம் எடுபடவில்லை (அன்று முழுக்கவே ராம்ஸ் ஓடியது 43 யார்டுதான்), ரிசீவர் ஓடெல் பெக்கம் காயத்தில் வெளியே போயிருந்தார், எறிவதற்கு இன்னொரு ரிசீவர் கூப்பர் கப்பைத் தவிர நம்பகமான ஆள் இல்லை. ஸ்டாஃபோர்ட் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே சேஃப்டியை நகர்த்திவிட்டு, பார்க்காத திசையில் கப்புக்கு 22 யார்டு எறிந்தார். அந்த எறிதலை நான் எத்தனை முறை போட்டுப் பார்த்திருப்பேன் என்று சொல்ல முடியாது. தோளும் கண்ணும் ஒரு திசையில், பந்து இன்னொரு திசையில். இதைச் செய்யக்கூடியவர்கள் உலகில் மூன்று நான்கு பேருக்கு மேல் இல்லை. சற்று நேரத்தில் கப்புக்கு ஒரு யார்டு டச்டவுன். பிறகு பெங்கால்ஸின் கடைசி முயற்சியில் ராம்ஸ் டிஃபென்ஸின் ஆரன் டொனால்ட் பரோவைப் பிடித்துச் சுழற்ற, ஆட்டம் முடிந்தது.

அந்த வெற்றியில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் அந்த சீசனை முழுசாகப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஸ்டாஃபோர்ட் அந்த ஆண்டு 17 இன்டர்செப்ஷன் எறிந்தார். லீக்கிலேயே அதிகபட்ச எண்ணிக்கை அது, ஜாக்ஸன்வில்லின் டிரெவர் லாரன்ஸும் அதே 17. டெட்ராய்டில் இருந்திருந்தால் அது இன்னொரு தோற்ற ஆண்டாகத்தான் முடிந்திருக்கும். ராம்ஸில் அந்த 17ஐத் தாங்கிக்கொள்ள டொனால்ட் இருந்தார், ஜேலன் ராம்ஸி இருந்தார், ஒரே சீசனில் 145 பந்து பிடித்த கப் இருந்தார். சூப்பர் பவுலுக்கு முந்தைய ஆட்டத்தில், சான் ஃபிரான்சிஸ்கோவிடம் 14-17 என்று பின்தங்கியிருந்த நான்காவது குவாட்டரில், ஸ்டாஃபோர்ட் தூக்கி எறிந்த ஒரு பந்து நேராக எதிரணியின் ஜக்விஸ்கி டார்ட்டின் கைக்குப் போனது. சுற்றி ஆளே இல்லை. அவர் நழுவவிட்டார். ராம்ஸ் 20-17 என்று வென்றது. டார்ட் அதைப் பிடித்திருந்தால், ‘பெரிய ஆட்டத்தில் சொதப்புகிறவர்’ என்ற பட்டம் ஸ்டாஃபோர்டை விட்டிருக்காது. அவருடைய எறிதல் அதேதான். இன்னொருவரின் விரல்கள்தான் முடிவு செய்தன.

இங்கே டெட்ராய்டில் காஃபின் முதல் ஆண்டில் அணியின் கணக்கு 3-13-1. மூன்று வருடம் கழித்து, 2024இல், அதே காஃப் 15-2. மனிதர் அவ்வளவு மாறிவிட்டாரா? கொஞ்சம் மாறினார், மறுக்கவில்லை. பந்தைச் சீக்கிரம் விடக் கற்றுக்கொண்டார். ஆனால் டெட்ராய்டில் உண்மையாக மாறியது அவருக்கு முன்னால் நின்ற ஐவர். டெய்லர் டெக்கர், ஃபிராங்க் ரக்னோ, பெனே சுவெல். சுவெலின் கால்களை ஒரு ஆட்டம் முழுக்கப் பாருங்கள், பந்தைப் பார்க்காதீர்கள். அத்தனை பெரிய உடம்பு பக்கவாட்டில் அத்தனை இலகுவாக நகர்வதைப் பார்க்கும்போது காஃப் ஏன் இவ்வளவு நிதானமாக நிற்கிறார் என்பது புரியும். நான்காம் சுற்றில் எடுத்த அமோன்-ரா செயின்ட் பிரவுன் லீக்கின் தலைசிறந்த ரிசீவர்களில் ஒருவரானார். ஓட்டக்காரர் ஜாமிர் கிப்ஸ் வந்தது ஸ்டாஃபோர்டைக் கொடுத்து வாங்கிய டிராஃப்ட் வாய்ப்பின் வழியாகத்தான். திட்டம் வகுத்த பென் ஜான்சன் காஃபுக்கு எது வருமோ அதை மட்டும் கேட்டார். 2024 செப்டம்பர் 30, சியாட்டிலுக்கு எதிராக காஃப் 18 முறை எறிந்தார், 18ம் போய்ச் சேர்ந்தது. அப்படியொரு ஆட்டம் லீக் வரலாற்றிலேயே இல்லை.

இரண்டு பேரும் பிளே ஆஃபில் நேருக்கு நேர் சந்தித்தது 2024 ஜனவரி 14 அன்று, ஃபோர்ட் ஃபீல்டில். அதற்கு முன் லயன்ஸ் பிளே ஆஃபில் கடைசியாக வென்றது 1992 ஜனவரியில். ஸ்டாஃபோர்ட் மைதானத்துக்குள் வந்தபோது கூட்டம் கூச்சலிட்டு அவமதித்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. 12 வருடம் உடம்பு நோக ஆடிய மனிதருக்கு அது மரியாதை இல்லை. அவர் 367 யார்டு எறிந்தார், 2 டச்டவுன். கையில் ரத்தம் வழிய ஆடினார். காஃப் 277 யார்டு, ஒரு டச்டவுன். லயன்ஸ் 24, ராம்ஸ் 23. ராம்ஸ் மூன்று முறை எண்ட் ஸோனுக்கு அருகே போய் மூன்று முறையும் வெறும் மூன்று புள்ளி தரும் ஃபீல்டு கோலோடு திரும்பியது. கடைசியில் காஃப் செயின்ட் பிரவுனுக்கு ஒரு நேர்த்தியான 11 யார்டு எறிந்து ஆட்டத்தை முடித்துவைத்தார். அரங்கமே அவர் பெயரைச் சொல்லி முழங்கியது.

அன்று நன்றாக ஆடியது யார் என்று மச்சினன் கேட்டான். ஸ்டாஃபோர்ட் என்றேன். வென்றது யார் என்றால் டெட்ராய்ட். இந்த இரண்டு பதிலையும் ஒரே மூச்சில் சொல்ல முடியாதவர்களோடு குவாட்டர்பேக் பற்றிப் பேசுவது கஷ்டம்.

என் கணிப்பு இதுதான்: ஸ்டாஃபோர்ட் காஃபைவிடச் சிறந்த குவாட்டர்பேக். திட்டம் உடைந்துபோன பிறகும், லைன் சரிந்த பிறகும், அவரால் ஏதாவது செய்ய முடியும். காஃபுக்கு எல்லாம் ஒழுங்காக இருந்தால் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. லைன் தரும் பாதுகாப்பு வளையமான பாக்கெட் கலைந்தால் தடுமாறுவார். 2025 ஜனவரியில் வாஷிங்டனிடம் 45-31 என்று தோற்றபோது மூன்று இன்டர்செப்ஷன் எறிந்தார். ஊர் முழுக்க அவரைத்தான் திட்டியது. டிஃபென்ஸின் ஏய்டன் ஹட்சின்சன் அக்டோபரில் கால் முறிந்து போனதையும், டிஃபென்ஸில் பாதிப் பேர் காயத்தில் இருந்ததையும், 45 புள்ளியையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பிறகு பென் ஜான்சன் சிகாகோவுக்குப் போனார், ரக்னோ ஓய்வு பெற்றார், 2025 சீசனில் லயன்ஸ் பிளே ஆஃபுக்கே போகவில்லை. எறிகிறவர் அதே காஃப்.

இனி ஸ்டாஃபோர்ட் ஓய்வு பெறும் நாள் வரும்போது, சிறந்த வீரர்களைக் கௌரவிக்க ஒஹையோவின் கேன்டன் நகரில் இருக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கு இடம் உண்டா என்ற பேச்சு சூடுபிடிக்கும். 74-90-1 மறுபடி மேசைக்கு வரும். வாக்களிப்பவர்கள் அதற்கு முன்னால் டெட்ராய்டின் மற்ற இரண்டு பெயர்களைப் பார்க்கட்டும். ஓட்டக்காரர் பேரி சாண்டர்ஸ் 10 சீசன் ஆடினார், பிளே ஆஃபில் ஒரே ஒரு வெற்றி. 2004இல் உள்ளே போனார். கால்வின் ஜான்சன் பிளே ஆஃபில் இரண்டு ஆட்டம் ஆடினார், இரண்டும் தோல்வி. தகுதி வந்த முதல் ஆண்டிலேயே, 2021இல், உள்ளே போனார். அவர்கள் என்ன செய்வார்கள் பாவம், அணி அப்படி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், சரியாகத்தான் சொன்னார்கள். கால்வின் ஜான்சன் தோற்ற அந்த இரண்டு பிளே ஆஃப் ஆட்டத்திலும் அவருக்குப் பந்து எறிந்தவர் ஸ்டாஃபோர்ட்.